பிரிந்து கூடும் சுட்டி

இயங்கிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து சுட்டியைப் பிடுங்கிவிட்டு, ஒரு நிமிடம் கழித்து மீண்டும் செருகினால் என்ன நிகழும்? இன்று இப்படி ஒருவர் கேட்டால் இதில் கேட்க என்ன இருக்கிறது என்றே நமக்குத் தோன்றும். அம்புக்குறி சற்று நின்று மறுபடியும் நகரத் தொடங்கும், அவ்வளவுதான். ஆயின் இந்த 'அவ்வளவுதான்' என்னும் நிலையை எட்டுவதற்குக் கணினியுலகம் கால் நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்திருக்கிறது. அவ்வுழைப்பின் வரலாறு பெரும்பாலும் பொறியாளர்களின் கையேடுகளுக்குள்ளேயே தங்கிவிட்டது.

சுட்டி பிறந்த கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் கருதியதை, 1964இல் பில் இங்கிலிஷ் ஒரு மரப்பெட்டிக்குள் இரு சக்கரங்களைப் பொருத்திச் செய்து காட்டினார். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் எங்கெல்பார்ட் அதனைப் பொதுவில் இயக்கிக் காட்டினார். 1984இல் மெக்கின்டாஷ் வந்தபின் அது வீட்டுப் பொருளாகும் வழி திறந்தது. இவையெல்லாம் சுட்டி கணினியோடு சேர்ந்த கதைகள். அது பிரிந்த கதையையும், பிரிந்தபின் மீண்டும் சேர்ந்த கதையையும் நாம் அதிகம் கேட்டதில்லை. நம் பார்வையில் அக்கதைதான் சிந்தனைக்குக் கூடுதலான இடம் தருகிறது.

'மவுஸ்' என்பதனை நாம் எலி என்று பெயர்த்து வழங்காமல் 'சுட்டி' என்று கொண்டது நல்ல தேர்வு. சுட்டு என்பது நம் இலக்கணத்துக்கு நெடுநாள் பழகிய சொல். 'அது' என்றும் 'இது' என்றும் சுட்டும்போது, சுட்டுபவர், கேட்பவர் இருவரும் ஒரே களத்தில் இருக்கிறார்கள் என்னும் உடன்பாடு அங்கே உள்ளுறைந்து கிடக்கிறது. கேட்பவர் எழுந்து போய்விட்டால் சுட்டுக்குப் பொருளில்லை. கணினிக்கும் சுட்டிக்கும் இடையிலும் அத்தகைய உடன்பாடு ஒன்று உண்டு. வடம் கழன்றால் அவ்வுடன்பாடு முறிகிறது. மீண்டும் செருகும்போது, அது தானாகத் திரும்புகிறதா, புதிதாகச் செய்துகொள்ள வேண்டுமா என்பதுதான் கேள்வி.

1. நினைவில்லாத சுட்டி

மைக்ரோசாஃப்ட் தன் முதல் சுட்டியை 1983இல் வெளியிட்டது. அக்காலத்து ஐ.பி.எம். வகைக் கணினிகளில் சுட்டிக்கென்று தனித் துளை கிடையாது. தனி அட்டை ஒன்றைக் கணினிக்குள் பொருத்தி அதில் இணைப்பது ஒருவகை. ஏற்கெனவே இருந்த 'சீரியல் போர்ட்' என்னும் தொடர்வரிசைத் துளையில் செருகுவது மற்றொரு வகை. இரண்டாவதே பரவலாயிற்று. அத்துளையின் வரையறையான ஆர்.எஸ்.-232 சுட்டிக்காக உண்டானதன்று. 1960இல் தொலைத்தொடர்புக் கருவிகளுக்காக வகுக்கப்பட்டது. சுட்டி அங்கே ஒண்டுக்குடித்தனக்காரன்தான். அதற்கென்று மின்சாரம் தரும் கம்பிகூட இல்லை. குறிப்பலைகளுக்கான கம்பிகளில் கசியும் சொற்ப மின்சாரத்தைக் கொண்டே அது உயிர் வாழ்ந்தது.

இந்த ஏழைச் சுட்டியின் மொழி மிக எளியது. நகர்வையும் பொத்தான்களின் நிலையையும் மூன்று பைட்டுகளில் அடக்கி, நொடிக்கு ஏறத்தாழ 40 முறை அனுப்பும். மூன்றில் முதல் பைட்டுக்கு மட்டும் ஓர் அடையாளக் குறி உண்டு. மற்ற இரண்டிலும் அக்குறி வரவே வராது. ஆகவே கேட்டுக்கொண்டிருக்கும் மென்பொருள் இடையில் எதையேனும் தவறவிட்டாலும், அடுத்த முதல் பைட்டைக் கண்டதும் சரியான இடத்தைப் பிடித்துவிடும். மின்சாரம் கிடைத்தவுடன் சுட்டி தன் முதற்சொல்லாக 'எம்' என்னும் எழுத்தை அனுப்பும். அதுதான் அதன் அறிமுகம்.

இத்தகைய சுட்டியைப் பிடுங்கிச் செருகினால் பெரிய கேடொன்றும் நேராது. அது 'எம்' என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைத் தொடங்கிவிடும். முன்பு என்ன பேசினோம், எந்த முறைமைக்கு ஒப்புக்கொண்டோம் என்பது பற்றி அதற்கு எந்த நினைவும் இல்லை, தேவையும் இல்லை. நினைவில்லாதவருக்குப் பிரிவு ஒரு பொருட்டாகாது.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. கணினி தொடங்கும் வேளையில் சுட்டி இல்லையெனில் டாஸ் காலத்து இயக்கி மென்பொருள், சுட்டி காணப்படவில்லை என்று அறிவித்துவிட்டு விலகிக்கொள்ளும். பிறகு எத்தனை முறை செருகினாலும் கேட்க ஆளில்லை. உலகம் தொடக்கத்தில் எப்படி இருந்ததோ அப்படியே முடிவுவரை இருக்கும் என்பது அம்மென்பொருளின் நம்பிக்கை. பின்வந்த பல தொல்லைகளுக்கு அந்த நம்பிக்கையே வித்து.

2. சொந்த வீடு கிடைத்தபின்

1987 ஏப்ரலில் ஐ.பி.எம். தன் பி.எஸ்/2 வரிசைக் கணினிகளை வெளியிட்டது. அவற்றில் சுட்டிக்கென்றே ஆறு ஊசிகள் கொண்ட சிறிய வட்டத் துளை இடம்பெற்றது. ஒண்டுக்குடித்தனம் முடிந்து சொந்த வீடு கிடைத்தது. ஐந்து வோல்ட் மின்சாரமும் முறையாகக் கிடைத்தது. ஆயினும் பிரிந்து சேரும் திறத்தில் இந்தப் புதிய சுட்டி பழையதைவிடப் பின்தங்கியே இருந்தது. வசதி கூடக் கூட நிலைமை மோசமானதை விளக்க, அதன் உள்ளே நிகழ்வதைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

பி.எஸ்/2 சுட்டிக்கு மின்சாரம் கிடைத்ததும் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். சோதனை தேறினால் 170 என்னும் எண்ணை அனுப்பும். தொடர்ந்து 0 என்று அனுப்பும். 'நலமாக இருக்கிறேன், நான் ஒரு சாதாரணச் சுட்டி' என்பது இதன் பொருள். அதன்பின் வாய்மூடி நிற்கும். கணினி 244 என்னும் கட்டளையை அனுப்பி 'இனிப் பேசலாம்' என்று இசைவு தரும்வரை ஒரு நகர்வைக்கூடத் தெரிவிக்காது. கேட்டால்தான் பேசும் அடக்கமான பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது வடம் கழன்று மீண்டும் செருகப்படுகிறது. சுட்டி தன்னைச் சோதித்து, 170, 0 என்று கூறிவிட்டு இசைவுக்காகக் காத்திருக்கிறது. கணினியோ தான் எப்போதோ இசைவு தந்துவிட்டதாக எண்ணி, நகர்வுச் செய்திக்காகக் காத்திருக்கிறது. இரு தரப்பிலும் பழுதில்லை. மின்சாரம் இருக்கிறது, வடம் சேர்ந்திருக்கிறது, மென்பொருள் ஓடுகிறது. ஆயினும் திரையில் அம்புக்குறி கல்லாய்ச் சமைந்து நிற்கிறது. ஒருவர் மறந்துவிட்டார், அவர் மறந்த செய்தி மற்றவருக்குத் தெரியாது. இந்த வரலாற்றின் மையமான சிக்கலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல நமக்குத் தெரியவில்லை.

அந்த 170, 0 என்பதைக் கணினி கவனித்தால் போதுமே என்று வாசகர் கேட்கலாம். கவனிக்கலாம்தான். ஆனால் 170 என்னும் எண் நகர்வுச் செய்தி ஒன்றின் முதல் பைட்டாகவும் வரக்கூடியது. வலப்பொத்தானை அழுத்தியபடி சுட்டியை அளவுமீறிய வேகத்தில் செங்குத்தாக இழுத்தால் அதே 170 பிறக்கும். பக்கவாட்டு நகர்வு இல்லையெனில் அடுத்த பைட்டு 0. அன்றாடப் பயன்பாட்டில் இது அரிதினும் அரிது. எனினும் 'நான் புதிதாய் வந்தேன்' என்பதற்கும் 'நான் நகர்ந்தேன்' என்பதற்கும் ஒரே ஒலி அமைந்துவிட்டது. பொருள் மயக்கம் இலக்கியத்தில் அழகு, நெறிமுறையில் ஊறு. பிற்காலத்து லினக்ஸ் இயக்கி இவ்விரு எண்களும் அடுத்தடுத்து வந்தால் அதை மறுவருகை என்றே கொண்டு, சுட்டியோடு முதலிலிருந்து பேச்சைத் தொடங்குகிறது. மயக்கத்துக்கு இடமிருப்பதை ஏற்று, வாய்ப்பு மிகுந்த பொருளைக் கொள்ளும் உரையாசிரியர் முறை இது.

மின்னியல் காரணமும் ஒன்றிருந்தது. கணினி ஓடும்போது கழற்றிச் செருகுவதற்கென்று இத்துளை வடிவமைக்கப்படவில்லை. செருகும் கணத்தில் ஊசிகள் ஒழுங்கின்றித் தொடக்கூடும். தாய்ப்பலகையில் இருக்கும் சிறு உருகி எரிந்துபோகவும் கூடும். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கல்லூரிக் கணினிக்கூடங்களில் பயின்றவர்களுக்கு, 'சுட்டி கழன்றால் கணினியை அணைத்துவிட்டுத்தான் செருக வேண்டும்' என்ற கண்டிப்பு நினைவிருக்கலாம். அக்காலத்தில் நம்மில் பலர் அதை ஆய்வுக்கூடப் பணியாளரின் மூடநம்பிக்கை என்று நகைத்ததுண்டு. மேற்சொன்ன இரு காரணங்களையும் நோக்கினால் அது நியாயமான எச்சரிக்கையே. விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் ஒரே வடிவத் துளை என்பதால் மாற்றிச் செருகும் குழப்பம் வேறு. 'பி.சி. 99' என்னும் வரையறை சுட்டிக்குப் பச்சையும் விசைப்பலகைக்கு ஊதாவும் என்று நிறம் பிரித்துத் தந்தபின்தான் அக்குழப்பம் தணிந்தது.

ஆப்பிள் நிறுவனத்தின் வழியும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்த 'ஆப்பிள் டெஸ்க்டாப் பஸ்' 1986இல் வந்தது. விசைப்பலகையையும் சுட்டியையும் ஒரே வடத்தில் மாலைபோல் கோக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. நேர்த்தியான அமைப்புதான். ஆயினும் முகவரிகளைச் சரிபார்த்து ஒழுங்குபடுத்தும் வேலை கணினி தொடங்கும்போது நிகழ்வதாகவே அமைந்தது. ஓட்டத்தின் நடுவே கழற்றிச் செருகுவது அங்கும் விலக்கப்பட்ட செயலே.

3. சக்கரம் சேர்ந்தபின்

1996இல் மைக்ரோசாஃப்ட் 'இன்டெலிமவுஸ்' என்னும் சுட்டியைக் கொணர்ந்தது. நடுவில் உருளும் சக்கரம் அதன் புதுமை. சக்கரத்தின் அசைவைச் சொல்ல மூன்று பைட்டுகள் போதா, நான்காவது தேவை. ஆனால் பழைய கணினிகளில் செருகினால் மூன்று பைட்டு மொழியையே அது பேசியாக வேண்டும். இரண்டுக்கும் இசைய ஒரு மறைகுறி வகுத்தார்கள். நொடிக்கு எத்தனை முறை செய்தி அனுப்ப வேண்டும் என்னும் கட்டளையை 200, 100, 80 என்னும் மூன்று எண்களோடு அதே வரிசையில் கணினி அனுப்ப வேண்டும். பழைய சுட்டி இதை வழக்கமான கட்டளைகளாக எண்ணிப் பணியும். புதிய சுட்டியோ இது தன்னை அறிந்தவர் தட்டும் கதவோசை என்று உணர்ந்து நான்கு பைட்டு மொழிக்கு மாறிக்கொள்ளும்.

சாதுரியமான ஏற்பாடு. ஆயின் மறக்கக்கூடிய செய்தி இன்னொன்று கூடிற்று. வடம் கழன்று சேர்ந்தால் சுட்டி மறைகுறியையும் மறந்து மூன்று பைட்டு மொழிக்குத் திரும்பிவிடும். பேச இசைவு தந்தால் மட்டும் போதும் என்று கருதும் ஏற்பாடு இடையில் இருந்தால் நிலைமை விபரீதமாகும். சுட்டி மூன்று மூன்றாக அனுப்ப, கணினி நான்கு நான்காக எண்ணும். ஒரு செய்தியின் வால் அடுத்த செய்தியின் தலையாகப் படிக்கப்படும். அம்புக்குறி திரையின் மூலைக்குப் பாயும். யாரும் அழுத்தாத பொத்தான்கள் அழுத்தப்படும். பழைய தொடர்வரிசைச் சுட்டியின் முதல் பைட்டுக்கு இருந்த ஐயமற்ற அடையாளம் பி.எஸ்/2 மொழியில் இல்லை. இங்கும் ஓர் அடையாள பிட் உண்டு. ஆனால் அதே பிட் மற்றப் பைட்டுகளிலும் தற்செயலாக வரலாம். ஆகவே இழந்த இடத்தை மீளப் பிடிப்பதும் கடினம்.

ஒரே விசைப்பலகையையும் சுட்டியையும் கொண்டு பல கணினிகளை இயக்க உதவும் மாற்றுப்பெட்டிகளால் இத்தொல்லையை நன்கறிந்தவர்கள் கணினி அறைப் பொறுப்பாளர்கள். பெட்டியைத் திருப்பும்போதெல்லாம் ஒரு கணினிக்குச் சுட்டி போகிறது, மற்றொன்றுக்கு வருகிறது. நல்ல மாற்றுப்பெட்டிகள் இதற்கு ஒரு வழி கண்டன. சுட்டி விலகிப்போன கணினியிடம் பெட்டியே சுட்டிபோல் வேடமிட்டு, கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கும். பிரிவே நிகழவில்லை என்று நம்பவைப்பது அதன் தந்திரம். பிரிவைத் தாங்கத் தெரியாத மென்பொருளுக்கு அன்று கிடைத்த மருந்து அதுவே.

4. ஒவ்வொரு முறையும் முதன்முறை

1994இல் காம்பாக், டி.இ.சி., ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்.இ.சி., நார்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் பொதுவான இணைப்பு முறையொன்றை உருவாக்க முனைந்தன. வடோதராவில் பயின்று அமெரிக்கா சென்ற அஜய் பட், இன்டெல்லின் சார்பில் அதில் முதன்மைப் பங்காற்றினார். யு.எஸ்.பி.யின் முதல் வரையறை 1996 ஜனவரியில் வெளியாயிற்று.

யு.எஸ்.பி. கொண்டுவந்த வேகத்தைப் பலரும் பேசுவர். நம் பொருளுக்கு வேண்டியது அதன் மனப்பாங்கு. கருவிகள் வரும், போகும். அதுவே இயல்பு என்பதை அது தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டது. செருகியின் நான்கு தகடுகளில் மின்சாரத்துக்கான ஓரத் தகடுகள் இரண்டும் சற்று நீளமானவை. ஆகவே செருகும்போது மின்சாரம் முதலில் சேர்கிறது, பேச்சு பின்னர். பிடுங்கும்போது பேச்சு முதலில் அறுகிறது, மின்சாரம் பின்னர். உருகி எரியும் அச்சத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவிலான தகடு விடையளித்தது.

வருகையை அறிவதும் அதுபோலவே எளியது. சுட்டியினுள் 1.5 கிலோ ஓம் மின்தடை ஒன்று உண்டு. செருகியவுடன் அது இரு செய்திக் கம்பிகளில் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. யாரோ வந்திருக்கிறார் என்று கணினி அறிகிறது. எந்தக் கம்பி உயர்ந்தது என்பதைக்கொண்டு மெதுவாகப் பேசுபவரா விரைந்து பேசுபவரா என்பதையும் உணர்கிறது. செருகியின் நடுக்கம் அடங்கச் சற்றுப் பொறுத்து, வந்தவரை ஒருமுறை முழுதும் துடைத்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருகிறது. அந்நிலையில் எல்லாக் கருவிகளுக்கும் முகவரி 0. பிறகு 1 முதல் 127 வரையிலான எண்களில் ஒன்று தரப்படுகிறது. அடுத்து விசாரணை: உன்னைச் செய்தவர் யார், மாதிரி எது, எவ்வகைக் கருவி? சுட்டி விடை சொல்கிறது. பேச்சு தொடங்குகிறது. பிரிந்துபோனால் இரு கம்பிகளும் தாழ்ந்துவிடும். கணினி உடனே அறிந்து முகவரியை மீட்டுக்கொள்ளும்.

பி.எஸ்/2 காலத்துத் துயரத்தின் வேர் இங்கே அறுக்கப்பட்டதைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒருவர் மறந்ததை மற்றவர் அறியவில்லை. இங்கே இருவரும் சேர்ந்து மறக்கிறார்கள். திரும்பி வந்தவரையும் புதியவராகவே வரவேற்று, எல்லாவற்றையும் முதலிலிருந்து பேசிக்கொள்கிறார்கள். எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாமலிருப்பதே மறு இணைப்பின் இரகசியமாயிற்று. 1983இன் ஏழைச் சுட்டி அறியாமல் செய்ததை 1996இன் வரையறை அறிந்து செய்தது.

அறிந்து செய்வது எளிதாகவும் இருக்கவில்லை. 1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில் பில் கேட்ஸ் விண்டோஸ் 98ஐ அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். இயங்கும் கணினியில் உடன் வந்தவர் யு.எஸ்.பி. வருடி ஒன்றைச் செருகியதும் திரை நீலமாகி உறைந்தது. அவையே சிரித்தது; கேட்ஸும் சிரித்துச் சமாளித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த ஐமேக், பழைய துளைகளை அறவே கைவிட்டு யு.எஸ்.பி.யை மட்டும் நம்பி நின்றது. அதன்பின் உலகம் திரும்பிப் பார்க்கவில்லை.

5. வாயிலுக்குத் தெரிந்தது, கூடத்துக்குத் தெரியவில்லை

வன்பொருள் கற்றுக்கொண்டது. மென்பொருளின் எல்லா அடுக்குகளும் கற்றுக்கொள்ள மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. இதைத் தெளிவாகக் காண லினக்ஸின் வரலாறே ஏற்றது. அங்கு எல்லா விவாதங்களும் பொதுவெளியில் நடந்தன.

2001 ஜனவரியில் வெளியான 2.4 கெர்னல், யு.எஸ்.பி. கருவிகளின் வரவையும் செலவையும் அறிந்திருந்தது. ஆனால் திரையில் சாளரங்களை வரையும் எக்ஸ் என்னும் மென்பொருள் 1980களில் பிறந்தது. எந்தச் சுட்டி, எந்தத் துளையில், எந்த மொழி பேசும் என்பதையெல்லாம் ஓர் அமைவுக் கோப்பில் பயனரே எழுதி வைக்க வேண்டும். தொடங்கும்போது எக்ஸ் அக்கோப்பைப் படித்து, குறித்த சுட்டியைத் திறந்து, இறுதிவரை அதையே பற்றிக்கொண்டிருக்கும். சுட்டி கழன்று புதிய கருவியாய்த் திரும்பி வந்தால் கெர்னலுக்குத் தெரியும்; எக்ஸ் பழைய சுட்டியின் சடலத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். வாயிற்காவலருக்குத் தெரிந்த விருந்தினர் வருகை கூடத்தில் இருப்பவருக்குத் தெரியவில்லை.

கெர்னல் எழுதியோர் இதற்கு ஒரு மாற்றுவழி கண்டார்கள். 'மைஸ்' என்று பன்மையில் பெயரிட்ட ஒரு கோப்பை உண்டாக்கினார்கள். எத்தனை சுட்டிகள் இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் அக்கோப்பு நிலைத்திருக்கும். எல்லாச் சுட்டிகளின் நகர்வும் அதன் வழியே ஒன்றாய்க் கலந்து வரும். எக்ஸ் அதைப் பற்றிக்கொண்டால் பிரிவு என்பதையே அறியாது. மாற்றுப்பெட்டியின் தந்திரந்தான், இம்முறை கெர்னலுக்குள். விலை ஒன்றிருந்தது: எல்லாம் கலந்தபின் இது என் சுட்டி, அது உன் சுட்டி என்று பிரித்தறிந்து தனித்தனி அமைவு தர இயலாது.

உண்மையான தீர்வு 2007 செப்டம்பரில் வெளியான எக்ஸ் சர்வர் 1.4இல் வந்தது. கருவிகள் வருவதையும் போவதையும் எக்ஸே செவிமடுக்கத் தொடங்கியது. 'ஹால்' என்னும் இடைத்தரகர் மென்பொருள் வழியே அச்செய்தி முதலில் வந்தது. 2010 ஏப்ரலில் வெளியான 1.8இலிருந்து 'யுடெவ்' அப்பணியை ஏற்றது. அதே வெளியீட்டில் அமைவுக் கோப்பின் இலக்கணமும் மாறியது. 'இந்தத் துளையில் இன்ன சுட்டி இருக்கிறது' என்று எழுதியவர்கள், 'இத்தகைய பண்புடைய சுட்டி எது வந்தாலும் இவ்வாறு நடத்துக' என்று எழுதலாயினர். உலகம் இப்படி இருக்கிறது என்னும் கூற்று, இப்படி நேர்ந்தால் இதைச் செய் என்னும் விதியாக மாறியது. 1980களின் நம்பிக்கை அங்கே முடிவுக்கு வந்தது எனலாம்.

6. வந்தது அதே சுட்டியா?

இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. எல்லாரையும் புதியவராக வரவேற்கும் பண்பு, பழகியவரை அறிந்துகொள்ளும் திறனை இழக்கச் செய்தது.

இடக்கைப் பழக்கமுடைய ஒருவர் பொத்தான்களை இடம்மாற்றி வைத்துக்கொள்கிறார். கைநடுக்கம் உள்ள ஒருவர் அம்புக்குறியின் வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறார். எக்ஸில் அவ்வமைவு அந்தச் சுட்டியோடு ஒட்டியது. வடம் கழன்று சேர்ந்ததும் வந்திருப்பது புதிய சுட்டி, அமைவுகள் போயின. நம்மில் பலருக்கு இது சிறு எரிச்சல். அந்த அமைவு இல்லாமல் கணினியைத் தொடவே இயலாதவருக்கோ இது வாசற்கதவு சாத்தப்படுவதற்கு நிகர். விண்டோஸ் இச்சிக்கலை வேறு வகையில் கடந்தது: பொத்தான் மாற்றம் எல்லாச் சுட்டிகளுக்கும் பொது. அதனால் அமைவு தொலையாது. ஆனால் ஒரே கணினியில் வலக்கைக்கு ஒரு சுட்டி, இடக்கைக்கு ஒரு சுட்டி என்று வைத்துக்கொள்ள வழியில்லை. க்னோம் போன்ற மேசைத்தளங்கள், புதிய சுட்டி வரும்போதெல்லாம் பயனரின் விருப்பத்தை மீண்டும் அதன்மேல் ஏற்றும் காவலர் ஒருவரை நியமித்துக்கொண்டன.

அடையாளம் காண்பது ஏன் இவ்வளவு கடினம்? பெரும்பாலான சுட்டிகளுக்குத் தனி வரிசை எண் கிடையாது. தயாரித்தவர் யார், மாதிரி எது என்று மட்டுமே சொல்லும். ஒரே மாதிரியைச் சேர்ந்த ஆயிரம் சுட்டிகள் ஒரே விடையைத் தரும். துஷ்யந்தனுக்குக் காட்டக் கணையாழி இல்லாத சகுந்தலையின் நிலை. அதனால் எந்தத் துளையில் செருகினார்கள் என்பதைக்கொண்டே விண்டோஸ் அடையாளம் காண முயன்றது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில், நேற்றுவரை பழகிய சுட்டியை அடுத்த துளையில் செருகியதும் 'புதிய வன்பொருள்' என்று அறிவிப்பு எழுந்ததற்குக் காரணம் இதுவே. நபரை அறியாமல் அவர் அமரும் இருக்கையை அறிந்துவைத்திருக்கும் முறை இது.

கணையாழி இல்லாதபோது வாய்ச்சொல்லை நம்ப வேண்டியிருக்கிறது. 2014இல் அமெரிக்காவின் 'பிளாக் ஹேட்' பாதுகாப்பு மாநாட்டில் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் இருவரும் அந்நம்பிக்கையின் ஆபத்தைக் காட்டினர். யு.எஸ்.பி. நினைவகக் குச்சி ஒன்றின் உள் மென்பொருளை மாற்றி, 'நான் விசைப்பலகை' என்று அதைச் சொல்லவைத்தால் கணினி அதை ஏற்று, அது தட்டும் கட்டளைகளுக்குப் பணிந்துவிடும். வந்தவர் எல்லாரையும் கேள்வியின்றி வரவேற்கும் வீட்டின் பலவீனம் அது.

7. மீண்டும் நினைவு

கம்பியில்லாச் சுட்டிகளில் ப்ளூடூத் வகை, கணையாழியைத் திரும்பக் கொணர்ந்தது. முதல் சந்திப்பில் சுட்டியும் கணினியும் ஓர் இரகசியத் திறவுகோலைப் பகிர்ந்து, இரண்டும் அதைச் சேமித்து வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை அணுகும்போது அத்திறவுகோல் ஒத்தால் பழகியவர். அடையாளமும் பாதுகாப்பும் ஒருங்கே கிடைத்தன.

ஆனால் நினைவு திரும்பியதும் பழைய நோயும் திரும்பியது. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்போர் இதை அறிவர். விண்டோஸில் சுட்டியை இணைத்துவிட்டு, லினக்ஸில் நுழைந்து அங்கும் இணைத்தால், மறுபடி விண்டோஸுக்குப் போகும்போது சுட்டி இணங்குவதில்லை. சுட்டியைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கணினி. அதனிடம் அக்கணினிக்கென்று ஒரு திறவுகோல்தான் உண்டு, கடைசியாகப் பெற்றது. விண்டோஸிடம் இருப்பது அதற்கு முந்தையது. ஒருவர் நினைவு மாறிவிட்டது. மாறியதை மற்றவர் அறியவில்லை. 1987இல் கல்லாய் நின்ற அம்புக்குறியின் கதைதான் இது. ஒரு கோப்பிலிருந்து மற்றொரு கோப்புக்குத் திறவுகோலைப் படியெடுத்து ஒட்டுவதே இதற்கு வழக்கிலுள்ள மருந்து. அது எல்லாராலும் இயலுவதன்று.

முன்னேற்றம் நேர்கோட்டில் நிகழ்ந்ததாக இவ்வரலாற்றைச் சொல்ல இயலாது. மறந்து வருபவரை வரவேற்கும் எளிமை ஒருபுறம். நினைவோடு வருபவரை அறிந்துகொள்ளும் பரிவும் எச்சரிக்கையும் மறுபுறம். பொறியாளர்கள் ஒன்றைப் பெறும்போதெல்லாம் மற்றொன்றில் சிறிது இழந்திருக்கிறார்கள். ஆயினும் ஒரு மாற்றம் உறுதியாக நிலைத்துவிட்டது. அன்று வடம் கழன்றால் பயனரின் கவனக்குறைவு என்று கடிந்து, கணினியை அணைத்துத் தொடங்கச் சொன்னார்கள். இன்று அதே நிகழ்வில் அம்புக்குறி நகராவிட்டால் மென்பொருளில் பிழை என்று பதிவு செய்கிறார்கள். மனிதர்கள் வடத்தில் கால் இடறுவார்கள், சுட்டியை மாற்றுவார்கள், எடுத்துச்சென்று திரும்பக் கொண்டுவருவார்கள் என்பதைக் கணினி தன் கடமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. பொறுப்பு ஒரு தோளிலிருந்து மற்றொரு தோளுக்கு மாறிய இம்மாற்றத்தை, சுட்டியைக் கண்டுபிடித்ததற்கு இணையான செயலாகவே நாம் மதிக்கிறோம்.